ரீலுக்குள் உப்பு

என் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்துவிட்டது, மற்றபடி நலம்தான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நம்புவதற்குக் காசா பணமா.

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ கேள்வி கேட்பாய், நான் பொய் சொல்லிவிடுவேன். அன்றைக்கொரு நாள், பின்னால் யாரோ இருமுகிற சத்தம் கேட்கிறதே என்றாய். ரேடியோ என்றேன். ரேடியோ இருமாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதலில் கடைச் செய்தி.

குளிர் விட்டு மூன்று வாரமாகிறது. இந்தச் சமயத்தில் பரணில் கிடந்த தூண்டிலெல்லாம் ஒரே நாளில் கீழே இறங்கும், எல்லோருக்கும் தூண்டில் நூல் சுற்றுகிற ரீல் அன்றைக்கே சரியாக வேண்டும். இப்போது மேசையில் இருபத்திரண்டு ரீல் காத்திருக்கிறது. எது ஏரிக்குப் போனது, எது கடலுக்குப் போனது என்று சீட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். ஏரி ரீலைத் திறந்தால் சேறும் புல்லும் இருக்கும். கடல் ரீலில் பேரிங் ஓரமாக உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். கடலுக்குப் போகிறவன் தான் குளிக்கிறானோ இல்லையோ, வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உன் அப்பா ரீலைக் குளிப்பாட்டிய பிறகுதான் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்.

முகத்துவாரத்தில் பொடிமீன் ஏறத் தொடங்கிவிட்டது, அதைத் தின்னப் பின்னாலேயே கொடுவா மீனும் வருகிறதாம். ஏரித் தண்ணீர் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. காலையில் போனால் பூச்சிகூடக் கிடைக்காது. மத்தியான வெயிலில் நாணல் ஓரம் கொஞ்சம் சூடானால்தான் கெண்டை அங்கே ஒதுங்கும். அதுவும் இரையை வாயில் வைத்துக்கொண்டு யோசிக்கும். தக்கை ஆடியதுமே இழுத்தால் வெறும் முள்தான் வரும். போன முதல் நாளே நான் நான்கு முறை அப்படி இழுத்தேன்.

ஆமாம், தூண்டில் போட்டேன். அப்பா கடலோடு போன அன்றைக்கு, இனித் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது மறக்கவில்லை. நான் கடலுக்குப் போகவில்லை. ஏரிதான், அதுவும் கரையில் உட்கார்ந்துதான். நான்கு வருடமாக ஊரார் ரீலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து அலுத்துவிட்டது.

கூட்டிக்கொண்டு போனவர்தான் இருமியவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நீ பள்ளிக்கூடம் போன பஸ்ஸே அவர் ஓட்டியதாக இருக்கலாம். கேட்டேன். திரும்பிப் பார்த்து ஓட்டினால் வேலை போய்விடும், அதனால் எந்தப் பிள்ளையின் முகமும் தெரியாது என்றார். மனைவி இறந்து ஒன்பது வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. ஏரி மீனைத் தவிர எதையும் பிடித்ததில்லை. கடல் அவருக்கு ஆகாது, அலையைப் பார்த்தாலே தலை சுற்றுமாம். குளிர்காலம் முழுக்க, நன்றாக ஓடுகிற ரீலைக் கொண்டுவந்து ஓடவில்லை என்று கொடுத்தார். மூன்று முறை. கோளாறு ரீலில் இல்லை, ஆளிடம்தான் என்றாள் பக்கத்துக் கடைத் தையல்காரம்மா. நான் காது கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். உள்ளதைச் சொன்னால், நான்காவது முறை எப்போது வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரையில் வைத்து, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். நான் குனிந்து இரையை மாற்றினேன். அதன் பிறகு எட்டு நாள் ஆளையே காணோம்.

முந்தாநாள் வந்தார், இந்த முறை நிஜமாகவே ஓடாத ரீலோடு. கைப்பிடி அசையவே இல்லை. திறந்து பார்த்தால் பேரிங்கைச் சுற்றி வெள்ளை பூத்திருக்கிறது. ஏரி ரீலுக்குள் உப்பு.

எனக்குச் சுருக்கென்றது. கடலே ஆகாது என்றவர் கடலுக்குப் போய் வந்திருக்கிறார். சின்ன விஷயத்தில் பொய் சொல்கிறவரை நம்பி எப்படிக் காலம் தள்ளுவது என்று தோன்றியது. உன்னிடம் நான் ரேடியோ என்று சொன்னது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. எங்கே போனீர்கள் என்று கேட்டேன். மழையில் நனைந்தது என்றார். மழை எப்போதிலிருந்து உப்புக் கரிக்கிறது என்றேன். அப்புறம்தான் சொன்னார்.

முகத்துவாரத்துக் கற்சுவருக்குப் போயிருக்கிறார். அப்பாவின் படகு கடைசியாகக் கண்ணில் பட்ட இடம். சும்மா நின்றால், குதிக்க வந்தவன் என்று யாராவது நினைத்துவிடுவார்களே என்று தூண்டிலைப் போட்டுக்கொண்டு நின்றாராம். ஏரித் தூண்டில், முள்ளில் மண்புழு. பக்கத்தில் நின்ற கடல்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அலைச் சாரலில் தொப்பலாக நனைந்து, தலை சுற்றிக் கல்லில் உட்கார்ந்துகொண்டு அப்பாவிடம் கேட்டிருக்கிறார். உங்கள் வீட்டுக்காரியை நான் பார்த்துக்கொள்கிறேன், உங்களுக்கு வருத்தம் இல்லையே என்று. வீட்டுக்கு வந்து ரீலைத் துணியால் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டார். அலச வேண்டும் என்று ஏரிக்காரருக்கு யார் சொல்வார்கள்?

அப்பா போனபோது வராத அழுகையெல்லாம் அந்த மேசையில் வந்தது. மனிதர் பயந்துபோய், ரீல் போனால் போகிறது, அதற்குப் போய் அழுவார்களா என்றார். நான் இரண்டு பேரிங்கை மாற்றி, எண்ணெய் விட்டுக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

அப்பாவிடம் அவர் கேட்டுவிட்டார். அப்பா பாவம், வேண்டாம் என்று சொல்ல நினைத்தாலும் வழியில்லை. உன்னால் சொல்ல முடியும். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். உன் கடிதம் வரும்வரை அவருக்கு என் வாயிலிருந்து ஒரு வார்த்தை போகாது.

கோபமாக எழுது, வேண்டாம் என்று எழுது, எதுவானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. பதில் சொல்லாத ஒருவரோடு நான்கு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். நீயும் அப்படி இருந்தால் அம்மா தாங்கமாட்டேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா