சாமையை மிதித்த நாய்

மிளகுச் சாக்கை உதறியபோது உங்கள் கறுப்புத் துணி கீழே விழுந்தது, அம்மணி. கண்ணைக் கட்டிக்கொண்டு நாயோடு நடந்து பார்ப்பதற்காக நீங்கள் கொண்டுவந்த துணி. கடைசியாக வந்தபோது மறந்துவிட்டுப் போனீர்கள். இத்தனை நாள் சாக்குக்குள் கிடந்து மிளகு வாசனை ஏறியிருக்கிறது. நீங்கள் இறந்துவிட்டதாகப் போன வாரம்தான் பார்வை இல்லாதவர்களுக்கு வழிகாட்டி நாய் கொடுக்கும் உங்கள் அமைப்பிலிருந்து போனில் சொன்னார்கள். செத்தவர்களைப் பற்றி நல்லதை மட்டும் பேச வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. முகத்துக்கு நேரே சொன்னதைத்தான் இப்போதும் சொல்லப்போகிறேன்.

என் தங்கைக்குப் பார்வை போய் அப்போது மூன்று வருடம். அதற்கு முன் சோளக்காடு சந்தையில் தனியாகக் கடை போட்டு வாழைப்பழமும் மிளகும் விற்றவள். பார்வை போன பிறகு நான்தான் கையைப் பிடித்து பஸ் ஏற்றிக் கூட்டிப்போவேன். "ஆட்டைச் சந்தைக்கு இழுத்துட்டுப் போற மாதிரி இருக்குதுங்கண்ணா" என்பாள். ஒரு நாள் இனி வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். யார் கையையும் பிடிக்காமல் கடைக்குப் போய்வர வேண்டும். அதற்காகத்தான் உங்கள் அமைப்புக்கு எழுதினேன்.

அடிப்படைப் பயிற்சி முடித்த நாயைக் கொடுத்தார்கள். மேல்பயிற்சியை நான் இங்கேயே கொடுக்கலாம். உங்கள் பரிசோதனையில் தேறினால் நாய் எங்களுக்கு, தேறாவிட்டால் திரும்பப் போய்விடும் என்று பேச்சு. காட்டுப்பன்றி விரட்ட நாய் பழக்கியே தலை நரைத்தவன் நான். யாரிடமும் போய்க் கற்றதில்லை. ராசு என்று பேர் வைத்து எட்டு மாதம் பழக்கினேன்.

பரிசோதனைக்கு வந்த நீங்கள் ஜீப்பிலிருந்து இறங்கியதும் நாயைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. அதன் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைப் போட்டீர்கள். முகத்துக்கு நேரே குடையை விரித்தீர்கள். கறித்துண்டைத் தரையில் வைத்துவிட்டு அதைத் தாண்டி நடக்கச் சொன்னீர்கள். ராசு மிரளவும் இல்லை, கறியை மோந்து பார்க்கவும் இல்லை. பஸ்ஸில் ஏறி உங்களைக் காலி சீட்டுக்குக் கொண்டுபோனது. சோளக்காடு சந்தையில் பலாச்சுளை கீழே சிதறிக் கிடந்த கூட்டத்துக்குள்ளும் மூக்கைத் தாழ்த்தாமல் வழி பிடித்தது. ஜீப் குறுக்கே வரும்போது, "போ" என்று நீங்கள் சொல்லியும் போகாமல் நின்றது. ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கோடு கிழித்தீர்கள். ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை.

கடைசியாக எங்கள் ஊர் ரோடு. கண்ணைக் கட்டிக்கொண்டு, நாயின் முதுகில் இருந்த கைப்பிடியைப் பிடித்து இடது ஓரமாக நடந்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரி ரோட்டோரத்தில் சாமை காயப்போட்டிருந்தாள். ராசு அதன் விளிம்பு வரை போய், வலது பக்கம் சுற்றி உங்களை நடுரோட்டுக்குக் கொண்டுபோனது. வளைவிலிருந்து பஸ் வந்தது. டிரைவர் பிரேக் போட்டதால் தப்பினீர்கள்.

நீங்கள் துணியை அவிழ்த்தீர்கள். "இது ஏனுங்க நடுரோட்டுக்கு வந்துச்சு?" என்று கேட்டீர்கள்.

நான் பெருமையாகச் சொன்னேன், தானியத்தை மிதிக்கக் கூடாது என்று பழக்கியிருக்கிறேன் என்று. வந்த புதிதில் ஒருமுறை மிதித்ததற்கு அடி வாங்கியிருக்கிறது. மனுசனுக்கு இல்லாத மரியாதை இந்த நாய்க்கு இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

"நின்னுருக்கணும். இல்லீன்னா மிதிச்சுட்டுப் போயிருக்கணும். சாமை சிதறுனா அள்ளிக்கலாங்க. உங்க தங்கச்சி சிதறுனா அள்ளுவீங்களா?"

தங்கை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், அம்மணி. அவள் காதுபட அதைச் சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை. கடையில் அரிசி வாங்கித் தின்கிறவர்களுக்குச் சாமையின் அருமை எப்படித் தெரியும் என்று நானும் கத்தினேன். நீங்கள் தாளில் "தேறவில்லை" என்று எழுதினீர்கள். ஒரு மாதம் தவணை, அதற்குள் மாற்றிக் காட்டாவிட்டால் ராசுவை ஜீப்பில் ஏற்றிவிடுவேன் என்று சொல்லிப் போனீர்கள்.

பத்து நாள் நான் நாயைத் தொடவில்லை. போனால் போகட்டும் என்று இருந்தேன். பதினோராம் நாள் காலையில் தங்கை என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "மிதிக்கப்போறது நானுங்கண்ணா. பாவம் இருந்தா எனக்கு வரட்டும். நாயை விட்டுடாதீங்க" என்றாள்.

எங்கள் வீட்டுச் சாமையை நானே ரோட்டில் கொட்டிப் பரப்பினேன். ராசு அதில் கால் வைக்க மறுத்தது. கைப்பிடியை இழுத்தாலும் விளிம்பில் நின்று என் முகத்தையே பார்த்தது. அடித்தவன் நான்தானே. வேறு வழியில்லாமல் நான் முதலில் ஏறி நின்றேன். பிறந்ததிலிருந்து தானியத்தின் மேல் கால் வைக்காதவன், நாய் பார்க்க, ஊர் பார்க்க, வெறுங்காலோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். பின்னாலேயே அது வந்தது. ஏழெட்டு நாள் அப்படி. அந்த நாட்களில் உங்களை நான் திட்டிய திட்டுக்கு அளவே இல்லை.

நீங்கள் மறுபடி வந்த அன்று ராசு சாமையின் மேலேயே நேராக நடந்து உங்களைக் கூட்டிப்போனது. "ஏனுங்க, நாயைக் காலேஜுக்கு அனுப்புனீங்களா? மரியாதையெல்லாம் மறந்துபோச்சே" என்று பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கேட்டாள். நீங்கள் "தேறியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். பிறகு குனிந்து, உங்கள் செருப்பில் ஒட்டியிருந்த சாமையைத் தட்டிக் குவியலில் சேர்த்தீர்கள். நான் பார்த்தேன். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

இப்போது தங்கை தினமும் ராசுவோடு போய் பஸ் ஏறுகிறாள். சாமை காயும் நாட்களில் அவர்கள் போன பிறகு நான் ஒரு பிடிச் சாமை கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக் குவியலில் போட்டுவிட்டு வருகிறேன். எதற்கு என்று பக்கத்து வீட்டுக்காரியும் கேட்பதில்லை.

நேற்று உங்கள் துணியை என் கண்ணில் கட்டிக்கொண்டு ராசுவின் கைப்பிடியைப் பிடித்தேன். வீட்டிலிருந்து இருபது அடிகூட இருக்காது. காலடியில் சாமை நெறுநெறுத்தது. திடீரென்று பஸ் சத்தம். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று எனக்குப் பிடிபடவில்லை. எழுபது வருடமாக நான் நடந்த ரோடு அது. பஸ் வலது பக்கமாக, என் வேட்டி படபடக்கும்படி உரசிக்கொண்டு போனது. ராசு சாமையின் மேலேயே நின்றது. நானும் சாமையின் மேல்தான் நின்றேன்.

என் தங்கை காதுபட நீங்கள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அதை எங்கு வேண்டுமானாலும் வந்து சொல்வேன். ஆனால் அந்தத் துணியைக் கேட்டு உங்கள் அமைப்பிலிருந்து ஆள் வந்தால், இங்கே இல்லை என்று சொல்லிவிடுவேன்.