வெள்ளைத் துணிக்குப் பழகிய கரவாங்குகள்

அன்பு மகள் ரோவினாவுக்கு,

இங்கே அப்பா, நான், நாய் மூவரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. டார்வினில் வெயில் கொளுத்துமே, வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

சனிக்கிழமை பிரெண்டனுக்குக் கல்யாணம் நடந்தது. உன் கல்யாண வாரத்தில் நீ வேண்டாமென்று போனில் ஒரு வரி அனுப்பினானே, அவன், உங்கள் கல்யாணத்துக்குப் பேசிவைத்த அதே ஏரிக்கரை விடுதிப் புல்வெளியில் கெய்லா என்பவளைக் கட்டிக்கொண்டான். "விட்டுத் தொலை டெல்மா" என்றார் உன் அப்பா. நான் விடவில்லை.

நம் மலையின் கறுப்புப் பறவைகள், அந்தக் கரவாங்குகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையேற வருகிறவர்களின் பையில் ஜிப்பைத் திறந்து ரொட்டி தின்கிற ஜாதி. அதன் பங்காளி மாக்பைப் பறவையாவது முகத்தை நினைவு வைத்து, அடுத்த வருஷமும் தேடி வந்து தலையில் கொத்தும். கரவாங்குக்கு வஞ்சம் கிடையாது, வயிறுதான். வஞ்சத்தை நான் பார்த்துக்கொண்டேன். வசந்தம் பிறந்ததிலிருந்து காலையில் நாயோடு நடக்கிற சாக்கில் அந்தப் புல்வெளியில் வெள்ளைத் துணியை விரித்து, அடியில் சீஸும் கொத்துக்கறியும் வைத்தேன். முதலில் ஒன்று வந்து தூக்கிப் பார்த்தது. பிறகு கூட்டமே வந்தது. வெள்ளையாக எதைக் கண்டாலும் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று மஞ்சள் கண்ணை உருட்டிக்கொண்டு கற்றுக்கொண்டன.

நம் ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு தட்டில் பலகாரம் கொண்டுவந்தார்கள். ஈ மொய்க்காமல் எல்லாத் தட்டின் மேலும் வெள்ளைத் துணி. நானும் ஸ்கோன் ரொட்டி சுட்டு எடுத்துப் போயிருந்தேன். பாதிரியார் வாயைத் திறந்தாரோ இல்லையோ, கரவாங்குகள் கத்திக்கொண்டு இறங்கிவிட்டன. துணிகள் பறந்தன, கேக் போயிற்று, ஒன்று கெய்லாவின் முக்காட்டைப் பிடித்து இழுத்தது. மாப்பிள்ளை எங்கே என்று பார்த்தால், அவளைத் தனியே விட்டுவிட்டு மேஜைக்கு அடியில் இருந்தான்! கண்குளிரப் பார்த்தேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தீனிக்குப் பழகியவை என் பின்னாலேயே வீட்டுக்கும் வந்துவிட்டன. உன் ஜன்னலோரப் புதரில் நீலச் சிட்டு வைத்திருந்த கூட்டில் இப்போது ஒரு குஞ்சுகூட இல்லை, தின்றுவிட்டன. கரவாங்குக்குத் தீனி போடாதே என்று ஊரே சொல்வது இதற்குத்தான். உட்கார்ந்து அழுதேன். அந்தப் பாவத்தையும் அவன் தலையிலேயே கட்டிவிட்டேன்.

அமளி அடங்கியதும் பிரெண்டன் வந்து, "டெல்மா, இது உங்க வேலைதானே?" என்றான். "மலையில மழை வருதுடா, அதான் இறங்கிடுச்சுங்க. இந்த ஊர்ல பொறந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?" என்றேன். பிறகு, "ரோவினா எப்படி இருக்கா?" என்று கேட்டான். "அவளுக்கென்ன! உன் பேரைச் சொன்னா எந்த பிரெண்டன்னு கேக்குறா. எப்பப் பாரு ஆட்டம், சிரிப்பு" என்றேன். அவன் முகம் செத்துப்போனது. கேக் போனபோதுகூட அப்படி ஆகவில்லை.

நீ வேலைக்குப் போகாமல், திரையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தே கிடக்கிறாய் என்று உன் அறைத்தோழி போனில் சொன்னாள். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன் மகளே. இந்த ஒன்றை மட்டும் உனக்காக என்னால் செய்ய முடியாது. எழுந்து முகம் கழுவி வெளியே போ. கடவுள் உனக்குத் துணை இருப்பார். அம்மாவைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன் அம்மா,
டெல்மா