தொட்டிக்கு ஆயுத பூஜை

ஆகஸ்ட் 11
தச்சநல்லூர் அரிசி ஆலை. நெல் ஊறிய தண்ணீர் இன்றும் நேராக வாய்க்காலுக்கே போகிறது. குடலைப் பிடுங்கும் நாற்றம். ஆலைக்காரர் தாணுமாலையன் அண்ணாச்சிக்கோ, "நாத்தமா? தொழில் வாசம்மா இது."

அக்டோபர் ஆறில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணீரைச் சோதிக்கும். தேறாவிட்டால் ஆலைக்குப் பூட்டு. பக்கத்து ஆலை கிங்ஸ்டன், "அங்கன தேறட்டும், பொறவு நான் தொட்டி கட்டுதேன்" என்கிறார். நான் பசுமை ஆலோசகராம். பச்சைத் தண்ணீர்கூட யாரும் தரவில்லை.

ஆகஸ்ட் 25
சுத்திகரிப்புத் தொட்டி தயார். சாணக் கரைசல் ஊற்றியாயிற்று. அழுக்கைத் தின்னும் கிருமி இனி பெருகும். "உயிரியல் முறை, அண்ணாச்சி" என்றேன் மிடுக்காக. அவரும் மிடுக்காகத் தலையாட்டினார்.

செப்டம்பர் 27
வாய்க்காலோரம் நாற்றமே இல்லை! நம்பாமல் மறுபடி மூச்சிழுத்தேன். ஆலையில் நெல் காயப்போடும் அன்னத்தாய் அக்கா, "சளி பிடிச்சிருக்கா தாயி?" என்றார்.

அக்டோபர் 1
அண்ணாச்சி போனில் ஆயுத பூஜைப் படம் அனுப்பியிருக்கிறார். தொட்டிக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. தொட்டி பளபளக்கிறது.

ஏன் பளபளக்கிறது?

அக்டோபர் 2
ப்ளீச்சிங் பவுடர்! தேங்காய் நார் போட்டு அடிவரை தேய்த்திருக்கிறார்கள். கிருமி வம்சமே காலி.

"என்ன காரியம் பண்ணிட்டீய!" கத்தியேவிட்டேன்.

"எல்லா மிசினையும் கழுவுதோம். இத மட்டும் சகதியோட சாமிக்கு வைக்கவா?"

"அதுல உசிரு இருக்கு, அண்ணாச்சி!"

மனுஷர் நெல்மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "உசிரா? மொதல்லயே சொல்லப்படாதா? உசிருன்னா மருந்து போடுவனா நான்?"

சொன்னேனே, உயிரியல் என்று. பெரிய படிப்பு! அழுகையாக வந்தது.

அக்டோபர் 6
தேறவில்லை. "தெரியாம கொன்னுட்டோம்யா" என்று அண்ணாச்சி கும்பிட்டார். யாரை என்று அதிகாரி பதறியதைப் பார்த்திருக்க வேண்டும்! நவம்பர் பத்து வரை அவகாசம், அதுவே கடைசி. மறுபடி சாணம்.

அக்டோபர் 19
விடியுமுன் அண்ணாச்சி போன். "நுரை வெளுத்துக் கெடக்கும்மா. தொட்டிக்கு மேலுக்குச் சொகமில்லையோ?"

கரண்ட் போனால் ஜெனரேட்டர், தொட்டிக் கிருமிக்கு மூச்சுக் கொடுக்கும் காற்று மோட்டாருக்குத்தானாம். வீட்டு ஃபேனுக்கு அப்புறமாம். அவர் வீட்டம்மா என்னை வாழ்த்திக்கொண்டிருப்பார், சந்தேகமில்லை.

நவம்பர் 10
தேறியது. கர்த்தருக்கும் மாட்டுக்கும் ஸ்தோத்திரம்.

ஜனவரி 16
மாட்டுப் பொங்கல். தொட்டிக்கு மாலை உண்டு, கழுவல் கிடையாது. கிங்ஸ்டன் ஆலையிலும் தொட்டி ரெடி. அண்ணாச்சி ஆலைக்கு வந்திருந்த அவருக்காக விளக்கப் படம், கையேடு எல்லாம் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புதுத் தொட்டிக்கு உறை ஊற்ற, அண்ணாச்சி தன் தொட்டியிலிருந்து ஒரு குடம் சகதி மொண்டு கொடுத்தார்.

"உசிரு வே. பைய கொண்டு போம்."

கிங்ஸ்டன் வெள்ளை வேட்டியோடு, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு காரில் போனார்.