எண்ணெய் இல்லை என்று சொன்னவளுக்கு

இன்று வடிகாலில் இறங்கியதும் காலடிச் சேற்றிலிருந்து குமிழிகள் கிளம்பின. தண்ணீர் மேல் அந்த நிறம் மாறும் படலம், கரையோரம் காவித் துரு. கூட வந்த ஆள், "அண்ணே, எண்ணெ மெதக்குது பாருங்க" என்றான். வந்த ஆத்திரத்தில் மண்வெட்டியைக் கரையில் வீசினேன். அவன் பாவம், வலங்கைமான்காரன். நம் கதை அவனுக்குத் தெரியாது. உள்ளூர் ஆட்களை நான் கூப்பிடுவதில்லை.

கூலிக்கு நடவு நட்ட அம்மா வயிற்றில் பிறந்து, நுண்ணுயிரியல் படித்துக் கல்லூரியில் வேலை பார்த்த என் ஒரே தங்கை நீ. லீவுக்கு வந்தால் நம் வயல் சேற்றைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு போவாய். "நெல்ல விட்டுட்டுச் சேத்த அறுக்க வந்துட்டியா?" என்று கேலி செய்வேன். காற்றுப் புகாத சேற்றில் சில கிருமிகள் துருவை வைத்தே மூச்சு விடுகின்றன, அப்போது இரும்பு தண்ணீரில் கரைகிறது என்பாய். அது வாய்க்காலில் கசிந்து காற்றுப் பட்டதும் வேறு கிருமிகள் அதை மறுபடி துருவாக்குகின்றன. படலம் அப்படி வருவதுதான். சேற்றில் துரு தீர்ந்தால் இன்னொரு கூட்டம் மீத்தேன் விடுமாம். இரும்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்த மீத்தேனைத் தின்கிற கிருமியும் உண்டாம். "அதுங்களுக்கு ஒரு இரும்புச்சத்து டானிக் வாங்கிக் குடு" என்றேன். வரப்பில் உட்கார்ந்து சிரித்தாய்.

பிறகு, ஆழத்து நிலக்கரியிலிருந்து மீத்தேன் எடுக்கக் கிணறு தோண்டக் கம்பெனி வந்தது. ஊரே கொதித்தது, நாமும்தான். அப்பா குத்தகைக்கு உழுது, கோர்ட்டுக்கு அலைந்து சொந்தமாக்கிய நிலம் இது. போராட்டத்துக்கு நீயே பேனர் எழுதினாய். அந்த நேரத்தில் வடிகால் படலத்தைப் பார்த்து, கம்பெனி சோதனைக்கு இறக்கிய ஆழ்குழாயிலிருந்து எண்ணெய் கசிகிறது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

ஊர்க் கூட்டத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு மேடையேறினாய். குச்சியால் கலக்கிக் காட்டினாய்.

"எண்ணென்னா திரும்ப ஒட்டிக்கும். இது பாருங்க, அப்பளம் மாதிரி ஒடையுது. இது எண்ணெ இல்லீங்க."

"கம்பெனி ஆளு! எறங்கு கீழ!"

மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். அந்தக் கூச்சலில், மேடையடியில் நின்ற எனக்கு மட்டும் மீதி கேட்டது. "பொய்யச் சொன்னா அவங்க ஈசியா ஜெயிச்சுருவாங்க. ஆழத்துத் தண்ணிய எறைச்சா கடலுப்பு உள்ள வந்துரும், அதச் சொல்லுவோம். கெணறு வேணாங்க."

கம்பெனி உன் பேச்சின் முதல் பாதியை மட்டும் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தது. நான் வீடு வீடாகப் போய் மீதியைச் சொன்னேன். "தங்கச்சிய நீ விட்டுக்குடுப்பியா?" என்று கதவைச் சாத்தினார்கள். நம் நடவுக்கு ஆள் வரவில்லை. நீ பொங்கலுக்கு வருவதை நிறுத்தினாய். காய்ச்சலில் நீ இறந்துபோய், உன்னைக் கொண்டுவந்து கிடத்திய அன்றும் தெருவில் பாதிக் கதவு திறக்கவில்லை. பாடைக்குத் தோள் கொடுத்தவர்கள் உன்னோடு வேலை பார்த்தவர்கள். அம்மா அதையும் பார்த்தாள்.

கிணறு வரவில்லை. எண்ணெய் என்ற புகார் சோதனையில் நிற்கவில்லை. நீ சொன்ன கடலுப்பை ஊரும் எடுத்துச் சொன்ன பிறகுதான் அதிகாரிகள் காது கொடுத்தார்கள். போன மாதம் வெற்றிக் கூட்டத்துக்கு உன் படம் கேட்டு, மைக்கைப் பிடுங்கியவரே வீட்டுக்கு வந்தார்.

"நம்ம ஊருப் பொண்ணு தம்பி. அன்னைக்கு என்னமோ சொல்ல வந்துச்சே, அத நீங்க மேடையில சொல்லுங்க."

"அவ அன்னைக்கே சொல்லிட்டா" என்றேன். படம் கொடுக்கவில்லை.

ஊர் மறுபடி என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டது, தங்கச்சி. எனக்குத்தான் இன்னும் வாய் வரவில்லை.