செம்பு ஆணி எடுத்த கத்தி

ஓசூர்
14.8.2006

அன்பு மாப்பிள்ளை முனிவேலுக்கு, பூபதி எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். புனேயில் நீங்களும் தங்கை வினிதாவும் சுகமாக இருக்க வேண்டும், இப்போது எனக்கு அந்த ஒரு கவலைதான்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனை வினிதா எடுத்துவிடுவாள். அதனால்தான் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடுங்கள். ஏழு மாதக் கர்ப்பிணி கண்ணில் பட வேண்டாம்.

இங்கே மழை இல்லை. சானமாவுப் பக்கம் யானை இறங்கியதால் செகண்ட் ஷிப்ட் பஸ் இஷ்டத்துக்கு வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. சொல்ல வந்ததைத் தள்ளிப்போடுகிறேன், பாருங்கள்.

நீங்கள் கிளம்பும்போது நான் கொடுத்த மடக்குக் கத்தியைப் பற்றித்தான். நாட்றாம்பாளையத்தில் நாகம்மா என்கிற அம்மாவிடம் வாங்கியது. மாட்டுக்கொம்புப் பிடி, துருவேறிய அலகு. திறக்கவே முடியாதபடி இரண்டையும் சேர்த்து ஒரு செம்பு ஆணி அடித்திருந்தது. எந்த மடையன் செய்த வேலை என்று திட்டிக்கொண்டே துளை போட்டு ஆணியை எடுத்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எமெரி தாளில் தேய்த்து, கொம்புக்கு எண்ணெய் பூசினதும் தலைகால் புரியவில்லை. டூல் ரூமில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் அல்லவா.

மடக்கி வைத்த கத்தி காலையில் திறந்து கிடந்தது. ஸ்பிரிங் தளர்ச்சி என்று இறுக்கினேன். மறுநாளும் திறந்து கிடந்தது. அந்த வாரமே கொடிக்கயிறு அறுந்தது, அம்மா எலியைத் திட்டினாள். என் அரைஞாண் கயிற்றைக் காணவில்லை. குளிக்கும்போது போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் கிளம்பிய அன்று, கையில் கொடுக்கக் கூடாது என்று கத்தியை மேசைமேல் வைத்தேன். நீங்கள் கேலி செய்துகொண்டே எடுத்துப் பாக்கெட்டில் போட்டீர்கள். இப்போது டீ இடைவேளையில் ஆப்பிள் நறுக்க எடுத்தால், எல்லோரும் வாங்கிப் பார்க்கிறார்களாம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

யார் செய்த கத்தி என்று கேட்க, போன ஞாயிறு நாகம்மா வீட்டுக்குப் போய், கத்தியை நான் எடுத்து வைத்திருந்த போட்டோவைக் காட்டினேன். அலகு திறந்திருப்பதைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டது அந்த அம்மா. "ஆணிய ஏம்ப்பா எடுத்த? அத அடிச்சதே எங்க ஊட்டுக்காரருதான்" என்றது. ஆணி அடித்ததை யார் திறக்கப்போகிறார்கள் என்று நம்பித்தான் விற்றதாம்.

அந்த அம்மாவின் செத்துப்போன புருஷன் கங்கப்பன் தூக்கத்தில் எழுந்து, கட்டியிருப்பதையெல்லாம் அறுப்பாராம். ஆட்டுக்கயிறு, மூட்டைக்கயிறு, கடைசியில் பிள்ளை தூங்கிய தொட்டில் கயிறு. விடிந்து கேட்டால் ஒன்றுமே நினைவிருக்காதாம். பிள்ளை பிழைத்தது. அன்றைக்கே அழுதுகொண்டு ஆணி அடித்தாராம். "ஆனாலும் கை நிக்கலப்பா, அருவாள தேடுச்சு. நாந்தான் புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டேன்" என்றது.

பேய் பிசாசு கதையெல்லாம் எனக்கு ஆகாது. சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். வீட்டில் படுக்கையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் என் அரைஞாண் கயிறு கிடந்தது. இற்றுப்போகவில்லை மாப்பிள்ளை, ஒரே வெட்டு.

நேற்று வினிதா போன் செய்தாள். அங்கே துணி உலர்த்தும் கயிறு அறுந்ததாம், கீழ்வீட்டுப் பசங்க வேலை என்றாள். அப்புறம், தூங்கி எழுந்தால் தாலிக்கயிறு அறுந்து தலையணையில் கிடந்ததாம். "மாத்தி ஒரு வாரங்கூட ஆவல அண்ணா, கத்திரியில வெட்டினாப்ல இருக்கு" என்று சிரித்தாள்.

உங்கள்மேல் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது. அவளை எப்படித் தாங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தூக்கத்தில் நம் கை நம் பேச்சைக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கத்தியைக் கம்பெனியிலேயே வைத்து ஆணி அடியுங்கள். அது மட்டும் போதாது. வளைகாப்பு என்று சொல்லி, ஊருக்கு வரும் உங்கள் கம்பெனித் தருமபுரிக்காரர் குடும்பத்தோடு அவளை இந்த வாரமே ரயிலேற்றிவிடுங்கள். அதுவரை நீங்கள் வேறு இடத்தில் படுங்கள். தயவு செய்து நீங்கள் கூட வர வேண்டாம். பெங்களூர் ஸ்டேஷனுக்கு அம்மா வருவாள்.

நானும் வர மாட்டேன். இன்று காலை காய் நறுக்கும் கத்தி என் தலைமாட்டில் இருந்தது. தனியாக ஒரு ரூம் பார்த்துவிட்டேன். அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அவள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பிள்ளை பிறந்து அவள் எழுந்து நடமாடும்வரை, சாமி நம் இரண்டு பேர் கையையும் பிடித்து வைக்கட்டும்.

உங்கள் மச்சான்,
பூபதி