எதிர்க்கடை மாவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், அம்மாவின் தோளை மட்டும் அந்த எல்லோரில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அங்கே திறக்கப்போகும் ரொட்டிக்கடைக்காக நம் கடையின் கொள்கைகளை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தாய். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், அம்மா சிரித்துவிட்டாள். கொள்கையா, நமக்கா, எழுந்து மாவு பிசையவே நேரம் சரியா இருந்துச்சு என்றாள். யோசித்துப் பார்த்தால் நாம் எதையும் சொல்லிவைத்ததில்லை, செய்துகொண்டிருந்தோம், அவ்வளவுதான். நேற்றைய ரொட்டியை நேற்றையது என்று சொல்லித்தான் கொடுப்போம். பாதி ரொட்டி போதும் என்பவரிடம் முகம் சுளிக்கமாட்டோம். கருகிப்போன நாளில் நான் வாசலிலேயே நின்று, இன்னைக்கு சரியா வரலைங்க என்று வருகிறவர்களிடம் சொல்வேன், நீ பள்ளிச் சீருடையோடு பக்கத்தில் நின்று அதையே கிளிப்பிள்ளை மாதிரி சொல்வாய். உன் பின்னலில்கூட ரொட்டி வாசம் அடிக்கிறது என்று வகுப்பில் உன்னைப் பன்னு, பன்னு என்று கூப்பிட்டார்கள், அழுதுகொண்டு வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? கடைக்குள் இருக்கும்போது அந்த வாசம் எனக்குத் தெரிவதில்லை. வெளியே போய்விட்டுத் தெருமுனை திரும்பும்போதுதான் மூக்கில் ஏறுகிறது, கூடவே உன் நினைப்பும் வந்துவிடுகிறது.

உனக்கு உதவுமோ என்னவோ, போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். எதிரே செருப்புக்கடை இருந்த இடத்தில் ஓர் இளம் ஜோடி புது பேக்கரி போடுகிறார்கள் என்று எழுதியிருந்தேனே, அதிலிருந்து உன் தம்பிக்கு முகமே சரியில்லை. கடை இப்போது அவன் பொறுப்பு, கவலைப்படுவது நியாயம்தான். அவர்கள் கடை திறக்கிற அன்று காலை அடுப்பு பற்றவே இல்லை. புருஷன்காரன் கையெல்லாம் கரியோடு அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்க, அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே அச்சு அச்சாக மாவு பொங்கி நிற்கிறது. தம்பி ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டான். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து போய், தூக்கிட்டு வாங்கம்மா, எங்க அடுப்பு சூடாத்தான் இருக்கு என்று கூப்பிட்டுவிட்டாள். தம்பி கொதித்துப்போனான். நம்ம பொழப்புல நாமளே மண்ணைப் போட்டுக்கறதா, அவங்க திறக்கலைன்னா நமக்கு நல்லதுதானேம்மா என்று சத்தம் போட்டான். அம்மா குரலை உயர்த்தவில்லை. பொங்குன மாவு காத்திருக்காதுடா, யார் வீட்டு மாவுன்னு அதுக்குத் தெரியுமா, கோபத்தை அப்புறம் வச்சுக்க, இப்ப தட்டைப் பிடி என்றாள். அவன் பிடிக்கவில்லை, வெளியே போய்விட்டான். அம்மா அந்த வலிக்கிற தோளை வைத்துக்கொண்டு தூக்கிக் கொடுக்க, நான் அடுப்புக்குள் தள்ளினேன். அடுத்த தட்டை எடுக்கும்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. திரும்பினால் தம்பி. உர்ரென்றுதான் இருந்தான், ஆனாலும் அவர்களுடைய ரொட்டி ஒன்றுகூட அடிபிடிக்கவில்லை.

அவர்கள் கடை திறந்தது, நல்ல கூட்டம். மறைப்பானேன், நாங்கள் ஈ ஓட்டினோம். நம் பழைய வாடிக்கை, அந்தத் தையல்காரர், அங்கே வாங்கிக்கொண்டு நம் பக்கம் பார்க்காமல் நழுவினார். மதியம் அந்தப் பெண் ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள், அழுகையா சிரிப்பா என்று தெரியாத முகம். அம்மா பிய்த்து வாயில் போட்டு மெதுவாக மென்றாள். உப்பு சரியா இருக்கு என்றாள். இத்தனை வருஷத்தில் யார் ரொட்டியையும் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. தம்பியும் ஒரு துண்டு தின்றான். நம்மளதைவிட மெத்துன்னு இருக்கும்மா, நாளைக்கு நானும் மாவை இன்னும் கொஞ்சம் பொங்க விட்டுப் பாக்கறேன் என்றான். மறுநாள் விட்டான், நன்றாகவே வந்தது. தையல்காரர் இன்னும் வரவில்லை. தம்பி மட்டும் காலையில் அடுப்பைப் பற்றவைத்ததும் எதிரே எட்டிப் பார்த்து, அங்கே புகை வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறான்.

உங்கள் அடுப்பும் அணையாமல் எரியட்டும். இருவரும் மனம் ஒத்து நீண்ட நாள் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. முதலில் வரும் ரொட்டியை விற்காமல் நீங்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாங்கள் கடை திறந்த அன்று சந்தோஷத்தில் ஒன்றுவிடாமல் விற்றுவிட்டோம், அந்த முதல் ரொட்டி எப்படி இருந்திருக்கும் என்று அம்மா இன்றைக்கும் என்னைக் கேட்கிறாள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா