பாதியில் நின்ற ரசியா

அன்பான ஆதிரையின் அம்மாவுக்கு,

ஆஹென் நகரில் உமது தங்கச்சி வீட்டில் சுகமாக இருப்பீர் என்று நம்புகிறேன். நீர் தொலைபேசியை எடுக்காததால் எழுதுகிறேன்.

கலைவிழா மண்டபத்தை நேரத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது உமக்கும் தெரியும். விருந்தினர் பேச்சுகள் நீண்டுவிட்டன. அதனால்தான் உமது நாடகத்தின் நடுவில் மணி அடித்தது. நான்கு ஆண்டுகூட ஆளாத டில்லி சுல்தான் ரசியாவாக, முகத்திரையைக் கழற்றிவிட்டு அப்போதுதான் அரியணையில் அமர்ந்திருந்தீர்.

அதற்குச் சற்றுமுன் முன்வரிசையில் ஒருவர், "பொம்பிளை ஆளுறதைப் பார்க்கவோ வந்தனாங்கள்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். விழாக்குழுத் தலைவரான நான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

திரை மூடியதும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நன்றியுரை சொன்னேன். அதுவும் கொஞ்சம் நீண்டுதான் போனது.

நேற்று மகள் கேட்டாள்.

"அப்பா, ரசியாவை ஆர் விழுத்தினது? வெளியில இருந்து வந்த எதிரியளோ?"

"இல்லைப் பிள்ளை. அவவின்ர சபையில இருந்த ஆக்கள்தான்."

அவள் கதிரையில் கிடந்த பொன்னாடையைப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அந்தப் பொன்னாடை இன்னும் அங்கேதான் கிடக்கிறது. எடுத்து மடிக்கக் கூச்சமாக இருக்கிறது. உமது கிரீடத்தைத் துடைத்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். திரும்பி வாரும் என்று எழுத எனக்கு முகமில்லை.

இப்படிக்கு,
மணியை அடித்தவன்